பெருவிரலில் சுண்ணாம்பு

1

மாதாமாதம் என் மேசைக்கு இருபது கோப்புகள் வரும். இந்த முறை வந்தவற்றில் பதினோராவது கோப்பு என் அக்காவுடையது.

பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, பேசும் மொழி, அவசரப் பிரிவுக்கு வந்த கிழமையும் நேரமும், இவ்வளவுதான் முதல் பக்கத்தில் இருக்கும். பெண், அறுபத்து நான்கு, தமிழ், சனிக்கிழமை, காலை 10.05. ஆஸ்திரேலியாவின் இந்த நடுத்தர ஊரில் தமிழ் பேசும் குடும்பங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சனிக்கிழமை அவசரப் பிரிவின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்று அந்த அறுபத்து நான்கு வயதுப் பெண்ணுக்காக ஆங்கிலத்தில் பேசிய ஆளே நான்தான். அது நடந்து சரியாக ஒரு வருடம் ஆகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் "ஆஸ்பத்திரியில் வேலை" என்பேன். உடனே கீரமங்கலம் கடைத்தெருவிலேயே வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. புதுக்கோட்டையில் கணிதம் படித்து, பல ஊர் தண்ணீர் குடித்து, கடைசியில் இங்கே ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். முடிந்துபோன சிகிச்சைகளின் கோப்புகளைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்தார்களா என்று கட்டங்களில் டிக் போடுவது என் பிழைப்பு.

அதிலும் எனக்கு ஒதுக்கப்பட்டது செப்சிஸ். உடம்பில் எங்கோ ஓரிடத்தில் கிருமி தொற்றுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, நிதானம் இழந்து தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. "ரத்தத்துல விஷம் ஏறிருச்சாம்" என்பார்கள், "சாதாரணக் காய்ச்சல்னுதான் கொண்டு போனாக" என்பார்கள். இங்கே அதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரு தரநிலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர் கோப்பு வந்தால் தொடக்கூடாது என்பது விதி. மூடி வைத்துவிட்டு என் மேலாளர் ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு படிவம் கொடுத்தார். "எனக்கும் இந்த நோயாளிக்கும் உறவு உண்டு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோப்பு அவர் அறைக்குப் போனது. ஆனால் ஒரு கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கோப்பில் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியதாக எழுதியிருப்பார்கள்?

2

எனக்கு நினைவிருப்பதை முதலில் எழுதுகிறேன்.

வசந்தா அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். பலாப்பழம் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் கீரமங்கலத்தில் கிளம்பி, பல் கிட்டும் குளிரில் இங்கே வந்து இறங்கினாள். மூன்று மாத விசா. வந்த மறுநாள் காலையில் சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்.

"தம்பி, சூடு பிடிச்சுக்கிருச்சு போலடா."

"பிளேன் ஏறுற வரைக்கும் பலாப்பழமாத் தின்னுருப்பே. மோர் குடி, சரியாப் போகும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே மோர் குடித்தாள். இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பற்கள் தட்டிக்கொண்டன. என் மனைவி தேவி முதியோர் இல்லத்தில் வாரக்கடைசி வேலைக்குப் போயிருந்தாள். மகள் கயல்விழி சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேர வேலையில் இருந்தாள். அக்காவைக் காரில் ஏற்றி நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுபோனேன்.

சன்னலில் இருந்த நர்ஸ் முதலில் கேட்டது, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்றுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இங்கேதான் வேலை செய்கிறேன், கவலை வேண்டாம் என்றேன். அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"அக்கா, என்ன செய்யுதுன்னு கேக்குறாக."

"அதான் சொன்னேன்ல. சூடுன்னு சொல்லு. ரொம்பச் சூடு. நடுக்கமா இருக்கு."

உடம்பு மிகவும் சூடாக இருப்பதாகவும் நடுங்குவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸ் வெப்பமானியைக் காதில் வைத்தார். 35.4. எண்ணைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சொல்லப்போனால் உடம்பு குளிர்ந்துதான் இருக்கிறது என்றார். வலி உண்டா என்று கேட்டார்.

"எங்கயாச்சும் வலிக்குதாக்கா?"

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லப்பா. பரவால்லைன்னு சொல்லு. பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு வேலை கெடக்கு."

வலி இல்லை, பரவாயில்லை என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவு, நாடி கொஞ்சம் வேகம். பயணக் களைப்பாக இருக்கலாம், உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். பதினொன்றரைக்குக் காரை வேறிடத்தில் நிறுத்தப் போனேன். வாசலில் நிறுத்தினால் அபராதம். இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, அரை மணிக்கும் மேல் கழித்துத் திரும்பியபோது அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

நான் அனுப்பிய செய்தியைப் பார்த்து, வேலை முடிந்து நேராக வந்த கயல் சன்னல் அருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். பதினேழு வயது. பள்ளியில் அவள் பெயர் கே. தமிழ் அவளுக்குப் புரியும், பேசினால் வாக்கியத்துக்கு இரண்டு சொல்தான் தேறும்.

"அப்பா, சூடுன்னா ஃபீவர் இல்ல. பாத்ரூம் போனா பர்ன் ஆகுமே, அது. அம்மா எப்பவும் எங்கிட்டச் சொல்லுவாங்க. உங்களுக்கு இது தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்தும் தெரியாமல் இருந்திருக்கிறேன். நீர்க்கடுப்பைச் சூடு என்று சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மருத்துவமனைச் சன்னலுக்கு முன்னால் நின்றதும் என் தலைக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் மிச்சம் இருந்தது.

சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் கலந்திருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே, உடம்பு குளிர்ந்தே இது வரக்கூடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இரண்டு நாள் தீவிர சிகிச்சை, ஆறு நாள் வார்டு. அந்த முதல் இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீரமங்கலத்துக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக் கட்டிக் கலைத்தேன். அக்கா பிழைத்தாள். விசா முடியும்வரை இருந்து, கயலுக்குப் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

3

இனி அந்தத் தரநிலையைப் பற்றி. அலுப்புத் தட்டாமல் சொல்லப் பார்க்கிறேன், எனக்கு இது உண்மையிலேயே பிடித்த விஷயம்.

அவசரப் பிரிவுக்குள் ஒருவர் வந்தால், இது செப்சிஸாக இருக்குமோ என்று யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே அனுபவமுள்ள ஒருவர் வந்து பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்து லாக்டேட் என்ற அமிலம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கிருமி வளர்கிறதா என்று சோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து நோயாளி சரிந்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும். குடும்பத்துக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். நோயாளியை வார்டுக்குக் கைமாற்றும்போது எதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

எல்லாமே நியாயமான வரிகள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருப்பது அந்த "ஒரு மணி நேரம்" தான். எதிலிருந்து ஒரு மணி நேரம்? பெரும்பாலும் சந்தேகம் வந்த நேரத்திலிருந்து. அப்படியானால் சந்தேகமே தாமதமாக வந்தால்? கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் கழிந்த நேரம் யார் கணக்கு? இதைக் கேட்டபோது ஹெலன், "நல்ல கேள்வி" என்றார். இந்த நாட்டில் நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

காத்திருப்பு அறைச் சுவரில் செப்சிஸ் அறிகுறிகளைச் சொல்லும் சுவரொட்டி பல மொழிகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ்ச் சுவரொட்டியைப் பிழைதிருத்தியது நான். ஒற்றுப்பிழைகூட இல்லாத சுவரொட்டி என்று எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. அக்கா அன்றைக்கு இரண்டு மணி நேரம் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

4

பணியாளனாக அந்தக் கோப்பை நான் படிக்கக்கூடாது. ஆனால் நோயாளி தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கி யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒன்னோட ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கி நான் படிக்கலாமாக்கா?"

"அதுல என்னடா ரகசியம் இருக்கு? படி. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

முப்பது வருடம் சத்துணவு மையத்தில் அரிசி, பருப்பு, முட்டைப் பதிவேடு எழுதியவள். படிவம் என்றால் அவளுக்கு உற்சாகம். ஆலங்குடிக்குப் பஸ் ஏறிப்போய், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, கட்டம் கட்டமாகப் பூர்த்தி செய்து, தமிழில் "சு. வசந்தா" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஆலங்குடி. இந்த முறை குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது.

"குடும்பப் பேருக்கு என்னத்தடா எழுத? நம்ம குடும்பத்துக்கு ஏது பேரு?"

"பாஸ்போர்ட்டுல என்ன போட்டிருக்கோ அதை எழுதுக்கா. சுப்பையா."

"அது அப்பா பேருடா."

"இங்க அதுதான் ஒன் பேரு."

"நல்லா இருக்கு நாயம்" என்று சொல்லிவிட்டு அதையே எழுதி அனுப்பினாள். பத்து நாள் கழித்து, முப்பத்தெட்டுப் பக்கம், தடித்த உறையில் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர் கோப்புகளைப் படிக்கிற மாதிரியே பென்சிலோடு உட்கார்ந்தேன்.

5

முதல் வரியே என்னைப் பற்றியதுதான். "மொழிபெயர்ப்பாளர்: தேவையில்லை. உறவினர் உடன் இருக்கிறார், ஆங்கிலம் சரளம்." அந்தச் சரளம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன். "தெரிவித்தது: உடல் வெப்பம், நடுக்கம். வலி இல்லை."

அடுத்து இரண்டு வரிகள். "11.32: காத்திருப்பு அறையில் சுப்பையா என்று அழைத்தோம். பதில் இல்லை. 11.40: மீண்டும் அழைத்தோம். பதில் இல்லை. வரிசையில் பின்னுக்கு."

இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் காருக்கு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். இத்தனை வருடமாக என்னையும் இங்கே எல்லோரும் சுப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பழகிவிட்டது, கூப்பிட்டால் திரும்பிவிடுவேன். மூன்று நாள் முன்னால் வந்து இறங்கிய அக்கா, இருபது வருடம் முன்னால் இறந்துபோன அப்பாவின் பெயருக்கு எப்படி எழுந்து போவாள்?

பிறகு 12.02. அந்த வரியை மூன்று முறை படித்தேன். "தம்பி மகள் தெரிவிப்பது: இரண்டு நாளாகச் சிறுநீர் எரிச்சல். மேலும் நோயாளி குழப்பத்தில் இருக்கிறார். இறந்துபோன தன் தந்தையை இந்த அறையில் யாரோ பெயர் சொல்லி அழைப்பதாகக் கூறுகிறார். உணர்வுநிலை மாற்றம்: ஆம். ரத்த அழுத்தம் மறுபடி பார்த்தோம்: 82, மிகக் குறைவு. செப்சிஸ் எச்சரிக்கை எழுப்பப்பட்டது." ஆன்டிபயாடிக் ஏறியது 12.34.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சிறுநீர் எரிச்சல் என்று மட்டும் கயல் சொல்லியிருந்தால் ஒரு குப்பியைக் கொடுத்து மறுபடி உட்காரத்தான் சொல்லியிருப்பார்கள். இறந்தவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நோயாளி சொல்கிறார் என்றதும்தான் ஆட்கள் ஓடிவந்திருக்கிறார்கள். ஆனால் அக்கா குழம்பவில்லை. உண்மையாகவே கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு முறை, நேரத்தோடு எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

என் தவறான மொழிபெயர்ப்பு அவளை இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தின் குடும்பப் பெயர்க் கட்டம் அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது. எந்தத் தரநிலையிலும் இதற்குக் கட்டம் இல்லை.

இன்னும் ஒன்று இருந்தது. வார்டுக்கு மாற்றும்போது உடம்பு முழுவதும் பார்த்து எழுதும் பக்கத்தில், ஒரு நர்ஸ் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். "இரு கால் பெருவிரல் நகங்களிலும் வெள்ளைப் பூச்சு. பூஞ்சையோ? தோல் மருத்துவர் பார்க்கலாம்."

தேவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவுடனே சொன்னாள்.

"சுண்ணாம்புங்க. சூட்டுக்கு வைக்கிறது. ஏங்க, அவங்க சாக்ஸே கழட்டலையே, நானுந்தான் பார்க்கலை."

நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவது எங்கள் பக்கத்து வைத்தியம். அது வேலை செய்யுமா என்பது வேறு பேச்சு. ஆனால் எவருடைய பெருவிரலில் சுண்ணாம்பு இருக்கிறதோ அவருக்கு என்ன நோய் என்பது கீரமங்கலத்தில் எந்த வீட்டிலும் தெரியும். என் அக்கா தன் நோயைக் காலில் எழுதிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறாள்.

6

அன்று மாலையே, அங்கே மதியம், அக்காவுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கயலும் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில ஒன்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டாகளா?"

"என்னைய எங்கடா கூப்பிட்டாக? அப்பாவைக் கூப்பிட்டாக. சுப்பையா, சுப்பையான்னு ரெண்டு வாட்டி. இந்தப் பொண்ணுக்கு நம்ம அப்பாவை எப்படித் தெரியும்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருந்தேன். கயல் வந்ததும், தாத்தாவைக் கூப்பிடுறாக ஆத்தா, என்னன்னு கேளுன்னேன். அது ஓடிப்போயி அழுதுச்சு."

"நீ கொழம்பிட்டேன்னு எழுதியிருக்காக."

"கொழம்புனது நானா, அவுகளா?"

கயல் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா விடவில்லை.

"அதுக்கு முந்தி இவ என்ன கேட்டா தெரியுமா? அத்தை, பீ போறப்ப எரியுதான்னு. ச்சீ, அது இல்ல ஆத்தா, மத்ததுன்னேன். அப்பவுந்தான் விட்டாளா, எத்தனை நாளாங்கிறா, எங்கங்கிறா, வக்கீல் மாதிரி."

மூவரும் சிரித்தோம். ஆங்கிலத்தில் பீ என்றால் ஒன்றுக்குப் போவது என்று அக்காவுக்கு விளக்கினேன். இன்னும் கொஞ்சம் சிரித்தாள். அவள் உயிரோடு இருப்பதால்தான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது என்பது எனக்கு மறக்கவில்லை.

"சுண்ணாம்பு எப்ப வச்சே?"

"மொத வாட்டி திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறதுக்கு முந்தின நாளு. அப்பவே லேசாச் சுருக்குன்னுச்சு. பிளேன்ல எனக்குச் சன்னலோரம். எந்திரிச்சுப் போகணும்னா ரெண்டு ஆம்பளைகளைத் தாண்டிப் போகணும். அதான் தண்ணியே குடிக்கல, அடக்கிக்கிட்டே வந்தேன். வெத்தலையை ஒங்க ஊர் ஏர்போர்ட்டுல பிடுங்கிக்கிட்டாக, சுண்ணாம்பு டப்பாவை விட்டுட்டாக. வந்தும் தடவுனேன்."

ஆக, கடிகாரம் 12.02க்கு ஓடத் தொடங்கவில்லை. 10.05க்கும் இல்லை. கீரமங்கலத்தில், பெட்டி கட்டிக்கொண்டிருந்த வீட்டில், ஒரு சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தபோதே தொடங்கிவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்த பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏன்க்கா எங்கிட்டத் தெளிவாச் சொல்லல?"

எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"தம்பிகிட்ட வேற எப்படிடா சொல்றது? சூடுன்னுதான் சொல்லணும். நீ அந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கிட்டச் சொன்னேல்ல, பொம்பளைதானே, அதுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். புரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காரச் சொல்லுதுன்னு இருந்துட்டேன்."

நான் சொல்லிவிட்டேன் என்று அந்த இரண்டு மணி நேரமும் அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சை மாற்றுவதற்காக, தலைக்கு மேலே தமிழில் சுவரொட்டி இருந்ததே, பார்த்தாயா என்று கேட்டேன்.

"வாசிச்சேன். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்னு போட்டிருந்துச்சு. அது ஏதோ கிட்னி வியாதி, பெருசுன்னு விட்டுட்டேன். நமக்கு வெறும் சூடுதானே."

7

மாதக் கடைசிக் கூட்டத்தில் ஹெலன் இருபது கோப்புகளின் முடிவையும் வாசித்தார். பதினோராவது கோப்புக்கு எல்லாக் கட்டத்திலும் டிக். சந்தேகம் எழுந்ததிலிருந்து முப்பத்திரண்டு நிமிடத்தில் மருந்து ஏறியிருக்கிறது, அருமையான வேலை என்று அவசரப் பிரிவு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேசாமல் இருந்துவிடலாம். என் பெயர் கோப்பில் எங்குமே இல்லை, உறவினர் என்றுதான் இருக்கிறது. பேசினால் இத்தனை பேருக்கு முன்னால் மானம் போகும். ஆனால் இன்னொரு சனிக்கிழமை இன்னொரு தம்பி அதே சன்னலில் நின்று சிரிப்பான், அவனுடைய அக்காவுக்குக் கயல் மாதிரி ஒருத்தி வந்து சேராமல் போகலாம். கையைத் தூக்கினேன்.

"ஒரு டிக் தவறு. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார் அந்த டாக்டர். "உறவினருக்கு ஆங்கிலம் சரளம் என்று இருக்கிறதே."

"அந்த உறவினர் நான்."

சூடு என்ற சொல்லை, பெருவிரலை, அப்பாவின் பெயரை, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது, சரளம் போய்விட்டது. அந்த டாக்டர் மட்டும் பெருவிரலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார், படம் வரையச் சொன்னார். ஹெலன் அந்த டிக்கை அடித்துவிட்டு "நிறைவேறவில்லை" என்று எழுதினார். குழப்பம் என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டுமா என்று கேட்டார். அது கிடக்கட்டும், அந்த ஒரு பிழைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன் என்றேன்.

இப்போது எங்கள் அவசரப் பிரிவில், வீட்டு ஆள் எவ்வளவு சரளமாகப் பேசினாலும், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பேசிய பிறகுதான் அந்தக் கட்டத்தில் டிக் விழும். முடிந்தால் பெண்ணுக்குப் பெண். தமிழ்ச் சுவரொட்டியை மறுபடி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எழுதி, அச்சுக்குப் போகும் முன்னால் அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். போன ஞாயிறு கூப்பிட்டாள்.

"சூடு பிடித்தாலும் சொல்லுங்கள்னு போட்டிருக்கே, நல்லாருக்கு. ஆனா யார்கிட்டச் சொல்றதுன்னு போடலையே."

"நர்ஸ்கிட்டத்தான்."

"பக்கத்துல தம்பி நின்னா?"

பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

"கூட வந்த ஆம்பளையைக் காப்பி வாங்கப் போகச் சொல்லுங்கன்னு மொத வரியிலயே போடு. அதுக்குக் கீழ மத்ததை எழுது."

அவள் சொன்னபடியே எழுதவில்லை. உங்களோடு வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறோம், நீங்கள் தனியாகப் பேசலாம் என்று எழுதினேன். முதல் வரியாகத்தான் எழுதினேன். படித்துக் காட்டினேன். ஒற்றுப்பிழை எதுவும் இல்லையே என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"சரி, போனைக் கயல்கிட்டக் குடுத்துட்டு நீ அங்கிட்டுப் போ."

முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் என்ன விஷயம், எங்கிட்டயே சொல்லு என்பேன். இந்த முறை கேட்கவில்லை. போனைக் கயல் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய், கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்தில் நின்றேன்.